ஆடத் தெரிஞ்சதால தப்பிச்ச பெங்குவின்

"ஹேப்பி ஃபீட்" படத்தப் பத்தி யார் பேசினாலும் கடைசியில ஒரே இடத்துலதான் வந்து நிப்பாங்க. மம்பிள்னு பாட வராத ஒரு பெங்குவின் குஞ்சு, ஆனா கால் தாளம் பிரமாதம், ஊரே ஒதுக்கி வெச்சுது, அந்தக் காலாலயே ஊரக் காப்பாத்தினான், எல்லாரும் ஏத்துக்கிட்டாங்க, சுபம். எனக்கும் இந்தப் படம் ரொம்பப் பிடிக்கும், அத முதல்லயே சொல்லிடறேன், இல்லன்னா கீழ எழுதப்போறதப் பாத்துட்டு இவன் படத்த திட்றான்னு நெனச்சுடுவீங்க. ஆனா அந்த "கடைசியில ஏத்துக்கிட்டாங்க" மட்டும் தொண்டையில மாட்டின மீன் முள்ளு மாதிரி கெடக்கு. முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல.

கெளப்பி விட்டது என் ஃப்ரெண்டு ஒருத்தன். அவன் பையன் கொஞ்சம் வேற மாதிரி. என்ன மாதிரிங்கற விவரம் இங்க வேண்டாம், அது அந்தக் குடும்பத்தோட விஷயம், கூட்டத்துல ஒட்ட மாட்டான்னு வெச்சுக்குங்க போதும். வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் ஒருத்தர் ஆறுதல் சொல்றேன்னு ஆரம்பிச்சு, "கவலப்படாதப்பா, இந்த மாதிரி பசங்களுக்குள்ள ஏதாவது ஒரு பெரிய திறம ஒளிஞ்சிருக்கும், ஒரு நாள் வெளிய வரும் பாரு"ன்னு சொல்லியிருக்காரு, கூடவே இந்தப் படத்தையும் குடும்பத்தோட உக்காந்து பாருங்கன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. நல்ல மனசோட சொன்னதுதான், அதுல சந்தேகமே இல்ல. படம் பாத்துட்டு ராத்திரி எனக்கு ஃபோன் பண்ணான். "பையன் நல்லா ரசிச்சான்டா, எனக்குத்தான் கடைசி வர உக்கார முடியல"ன்னான். ஏன்டான்னு கேட்டேன். "இவனுக்கு திறமன்னு ஒண்ணும் இல்லன்னா என்னடா பண்றது? அந்த மம்பிளுக்கு ஆடவும் வராம போயிருந்தா அவன அந்தப் படத்துல என்ன பண்ணியிருப்பாங்க?" நான் ஏதோ சமாளிச்சுட்டு ஃபோன வெச்சேன். அந்தக் கேள்விய கையில வெச்சுக்கிட்டே படத்த மறுபடி பாத்தேன். அப்பதான் இந்தப் படத்துக்குள்ளயே ரெண்டு படம் இருக்குன்னு தோணிச்சு, ஒண்ணு எல்லாரும் ஞாபகம் வெச்சிருக்கறது, இன்னொண்ணு படமே மறந்துட்டது.

பாட்டுப் படத்துல பாட வராதவன்

கத தெரிஞ்சதுதான், அதனால சுத்தி வளைக்கல. ஆனா ஒரு விஷயத்த நாம சாதாரணமா கடந்து போயிடறோம். மியூசிக்கல்னு ஒரு வகைப் படத்துல மனசுல இருக்கறது வசனமா வராது, பாட்டாதான் வரும். காதல்னா பாட்டு, கோவம்னா பாட்டு, சாவுன்னாலும் பாட்டு. அப்படிப்பட்ட படத்துக்கு நாயகனா பாடவே வராத ஒருத்தனப் போட்டா அவன் ஊர விட்டு மட்டும் ஒதுங்கல, அந்தப் படத்தோட இலக்கணத்தயே விட்டு ஒதுங்கிடறான். வாயத் தொறந்தா கீச்சுன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். ஜார்ஜ் மில்லர்தான் டைரக்டர், பாலைவனத்துல வண்டிங்க ஒண்ணோட ஒண்ணு மோதிக்கற மேட் மேக்ஸ் படங்கள எடுத்த அதே ஆளு. 2006 நவம்பர்ல வந்து, அடுத்த வருஷம் அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர வாங்கினப்ப "கார்ஸ்" படத்தத் தள்ளிட்டு வாங்கிச்சு. நிறைய பேருக்கு அதுல இன்னமும் கடுப்பு, அந்தச் சண்டைக்கு நான் வரல.

பாட்டு வெச்சுதான் பெங்குவின் ஊரே நடக்குதுங்கறது சும்மா கதைக்காக கட்டினது இல்ல. மம்பிளோட இனமான எம்பரர் பெங்குவின் கூடு கட்டாது. ஆயிரக்கணக்குல ஒரே மாதிரி கறுப்பு வெள்ளையா நிக்கற கூட்டத்துல, கடலுக்குப் போய் வாரக்கணக்குல கழிச்சு திரும்பி வர்ற அம்மா தன் ஜோடியயும் குஞ்சயும் கண்டுபிடிக்கறது குரல வெச்சுதான். அதோட குரல் உறுப்புக்கு ரெண்டு பக்கம் இருக்கு, ரெண்டும் ஒரே நேரத்துல வேற வேற சுருதியில அதிரும், அந்த ரெண்டு சுருதியும் சேர்றப்ப வர்ற அதிர்வு ஒவ்வொண்ணுக்கும் தனி. கூடு கட்டற மத்த பெங்குவினுக்கு எடம் ஞாபகம் இருந்தா போதும், இதுக்கு அட்ரஸே குரல்தான். அதாவது நெஜத்துல குரல் சரியில்லாத ஒரு எம்பரர் குஞ்ச யாரும் கேலி பண்ணப் போறதில்ல, அத யாரும் கண்டே பிடிக்க மாட்டாங்க, பசியிலயே போயிடும். படத்துல வாத்தியாரம்மா ஒவ்வொரு குஞ்சயும் உன் மனசுக்குள்ள இருக்கற பாட்ட கண்டுபிடின்னு சொல்லும்போது சிரிப்பா இருக்கும், ஆனா அது உயிர் போற விஷயம்.

இதுல எனக்குப் பிடிச்ச வேடிக்கை ஒண்ணு இருக்கு. மனசுக்குள்ள இருந்து வர்ற சொந்தப் பாட்டுன்னு சொல்றாங்களே, அந்த ஊர்ல ஒருத்தரும் சொந்தமா பாடல. மம்பிளோட அம்மா நோர்மா ஜீன் பாடறது பிரின்ஸ் பாட்டு, அப்பா மெம்ஃபிஸ் பாடறது எல்விஸ் பாட்டு, அந்த ரெண்டையும் கோத்துதான் அவங்க காதலே. மம்பிளோட தோழி குளோரியா பாடறதும் ரேடியோவுல ஏற்கனவே கிழிஞ்ச பாட்டுங்கதான். (பிரின்ஸ் இந்தப் படத்துக்குன்னு புதுசா ஒரு பாட்டும் எழுதினார், அதுக்கு கோல்டன் குளோப் கெடச்சுது.) எல்லாரும் அடுத்தவன் பாட்ட என் மனசுன்னு பாடிட்டு இருக்கற ஊர்ல, யார்கிட்டயும் கடன் வாங்காம சொந்தமா ஒரு சத்தம் போட்டது மம்பிளோட கால் மட்டும்தான். மில்லர் இத நெனச்சு செஞ்சாரான்னு கேட்டா, அப்படித்தான்னு நான் நம்பிக்கறேன்.

முட்டைய நழுவ விட்ட அப்பா

படத்தோட ஆரம்பத்துலயே ஒரு காரணத்த வெச்சிடறாங்க. பனிக்காலம், பொண்ணுங்க எல்லாம் கடலுக்குப் போயாச்சு, ஆம்பளைங்க முட்டைய பாதத்து மேல வெச்சுக்கிட்டு வயித்துத் தோல் மடிப்பால மூடிக்கிட்டு நிக்கறாங்க. நெஜத்துலயும் அப்படித்தான், கிட்டத்தட்ட 65 நாள் அடைகாக்கும், அதுக்கு முந்தி ஜோடி சேர்ற காலத்தயும் சேத்தா ஆண் ஏறக்குறைய நாலு மாசம் ஒரு மீன்கூட திங்காம நிக்கும். அந்தக் குளிர்ல முட்ட பனியில உருண்டா கொஞ்ச நேரத்துல உள்ள இருக்கறது உறைஞ்சுடும். மெம்ஃபிஸ் பாட்டு மயக்கத்துல முட்டைய நழுவ விட்டுடறான். அலறியடிச்சு எடுத்து வெச்சுக்கறான், யார்கிட்டயும் சொல்லல. மத்த முட்டை எல்லாம் பொரிஞ்சும் இது பொரியல. பொரியும்போது முதல்ல வெளிய வர்றது தலை இல்ல, கால். ஓட்டுக்குள்ள உடம்பு, வெளிய ரெண்டு பாதம், அந்தப் பாதம் வந்த ஒடனே தத்தித் தாளம் போட ஆரம்பிச்சுடும். பக்கத்துல நிக்கற மெம்ஃபிஸ் மூஞ்சியப் பாருங்க. புள்ள பொழச்சுதேன்னு சந்தோஷமும், அய்யய்யோ நான் பண்ணதுக்கு ஏதோ ஆயிடுச்சேன்னு பயமும் ஒண்ணா ஓடும். குஞ்சு காலத் தட்டினதும், இதெல்லாம் பெங்குவினுக்கு ஆகாதுன்னு சொல்லிடறான்.

அம்மாவுக்கு அந்தப் பிரச்சனையே இல்ல. திரும்பி வந்து குஞ்சு காலத் தட்றதப் பாத்து, நல்லாத்தான இருக்குங்கறா, முடிஞ்சுது. முட்ட விழுந்தது அவளுக்குத் தெரியாதுங்கறத கவனிங்க. அவளுக்கு அது புள்ளையோட குணம், அப்பாவுக்கு அது அடிபட்ட தழும்பு. ஒரே கால் தாளத்த ரெண்டு பேரும் ரெண்டு விதமா பாக்கறாங்க, ஏன்னா ஒருத்தர் கையில காரணம் இருக்கு. என் ஃப்ரெண்டு சொன்னதுலயே இதுதான் என்ன ரொம்ப உலுக்கிச்சு, ஒவ்வொரு டாக்டரும் ஒவ்வொரு சொந்தக்காரரும் முதல்ல கேக்கற கேள்வி "ஏன் இப்படி ஆச்சு"ங்கறதுதானாம். மாசமா இருக்கும்போது ஏதாவது ஆச்சா, விழுந்தானா, காய்ச்சல் வந்துச்சான்னு. கேட்டுக் கேட்டு அவங்களே ஒரு முட்டைய எங்கயோ கீழ விட்ட மாதிரி நடக்க ஆரம்பிச்சுட்டாங்க. படத்த எடுத்தவங்க அந்த முட்டைய நழுவ விடாமலே கதைய ஆரம்பிச்சிருக்கலாமேன்னு எனக்கு இருக்கு. சும்மா பொறந்தான், கால் தட்டினான்னு. காரணம் எதுக்கு? ஆனா அப்படி எடுத்திருந்தா மெம்ஃபிஸ்னு ஒரு அப்பா நமக்கு கெடச்சிருக்க மாட்டான், அதுவும் தெரியுது. ஊரே சேந்து மம்பிள வெளிய போன்னு சொல்லும்போது மெம்ஃபிஸ் உடைஞ்சு போய் நான்தான்டா முட்டைய கீழ விட்டேன், நீ மட்டும் மாறிடுப்பான்னு கெஞ்சுவான். மாறச் சொல்லாதீங்கப்பா, என்னால முடியாதுன்னு மம்பிள் சொல்லுவான். படத்துல பாட்டே இல்லாம மனசு வெளிய வந்த எடம் அது.

இன்னொரு சின்ன விஷயம். மத்த குஞ்சுங்க எல்லாம் வளந்து அந்தக் குட்டிப் பஞ்சு ரோமத்த உதுத்துட்டு வழவழன்னு கறுப்பு வெள்ளையில நிக்கும்போது, மம்பிள் மட்டும் பெரியவனாகியும் மார்லயும் கழுத்துலயும் சாம்பல் பஞ்சோட திரிவான், கழுத்துக்குக் கீழ வில் டை மாதிரி ஒரு கறுப்புத் திட்டு. நெஜத்துல பஞ்சு ரோமத்துல தண்ணி ஏறும், கடல்ல நீந்த முடியாது, ஆனா இவன் மீன விட வேகமா நீந்தறான், அத விடுங்க. கூட்டத்த எவ்வளவு தூரத்துல காட்டினாலும் இவன் எங்க நிக்கறான்னு கண்ணு தேடாமலே கண்டுபிடிக்கும். ஒதுக்கப்பட்டவன காட்ட வசனமே தேவப்படல.

நடுவுல ஒரு பாட்டு

இப்ப நான் சொல்ல வந்த எடம். மம்பிள் ஊர்லருந்து தள்ளிப்போய் அடேலி பெங்குவின் கூட்டாளிங்களோட சுத்திட்டு திரும்பி வர்றான். குட்டக் குட்டயா அஞ்சு பேரு, ரமோன்தான் தலைவன். அவனுங்களுக்கு இவன் ஆட்டம் பாத்த அந்த நிமிஷமே பிடிச்சுப்போச்சு, எதுக்குன்னு கேள்வியே கிடையாது. குளோரியா ஜோடி தேடற நேரம், ஆம்பளைங்க வரிசகட்டி பாடிக் காட்டறாங்க. மம்பிள் முதல்ல என்ன பண்றான்னா ரமோன முதுகுக்குப் பின்னால ஒளிச்சு வெச்சு ஸ்பானிஷ்ல பாட விட்டுட்டு இவன் வாய மட்டும் அசைக்கறான். ஊரோட ஒத்துப்போகறதுக்காக கடன் குரல். குளோரியாவுக்கு ஒரே நொடியில தெரிஞ்சுடுது, மூஞ்சியத் திருப்பிக்கறா. பொய் சொல்றானேங்கற கோவம் அது, பாட வரலங்கற கோவம் இல்ல.

அப்புறம்தான் அவன் வாய மூடிட்டு காலத் தட்டறான். என் தாளத்துக்கு நீ பாடுங்கறான். அவ மொதல்ல தயங்கறா, அப்புறம் மெதுவா அந்தத் தாளத்துக்குள்ள பாட்ட வைக்கறா. நல்லா கவனிச்சீங்கன்னா அவ பாட்டுக்கு அவன் ஆடல, அவன் ஆட்டத்துக்கு அவ பாடறா. அதுவர யாரும் அவனுக்காக ஒரு அங்குலம் நகந்ததில்ல, இவ நகர்றா. பக்கத்துல நின்ன இளசுங்க ஒண்ணொண்ணா காலத் தட்ட ஆரம்பிச்சு, கடைசியில அந்தப் பனி மேடே ஆடும். கேமரா மேல போய் சுத்தும், ஆயிரம் பெங்குவின் ஒரே தாளத்துல.

இங்க நிறுத்துங்க. படம் இங்கயே முடிஞ்சுடுச்சு. அவன ஏத்துக்கிட்டாங்க! மீன் கொண்டு வந்தான்னு இல்ல, ஊரக் காப்பாத்தினான்னு இல்ல, அவனால பத்து பைசா பிரயோஜனம் இல்லாத ஒரு நேரத்துல, ஆட நல்லா இருந்துச்சு, ஆடினாங்க. முட்டைய யார் விட்டாங்கன்னு கேட்ட ஆளும் இல்ல, இதனால நமக்கு என்ன கெடைக்கும்னு கேட்ட ஆளும் இல்ல. என் ஃப்ரெண்டு கேட்ட கேள்விக்கு பதில்னு ஒண்ணு படத்துல எங்கயாவது இருக்குன்னா அது இங்கதான் இருக்கு, க்ளைமாக்ஸ்ல இல்ல.

ஆனா ரெண்டே நிமிஷத்துல பெருசுங்க வந்துடுதுங்க. நோவா தலைமையில. மீன் கெடைக்காம போனதுக்கு இவன் ஆட்டம்தான் காரணம், சாமி குத்தம்னு தீர்ப்பு. நெஜமான காரணம் மனுஷன் கப்பல் கப்பலா மீன அள்றது, அது பின்னாலதான் தெரியும். அங்கருந்து படம் வேற கணக்குக்கு மாறிடுது. பஞ்சத்துக்கு நீதான் காரணம்னு ஒதுக்கினவங்க, பஞ்சம் தீந்ததும் நீதான் காரணம்னு தூக்கி வெச்சுக்கறாங்க. ரெண்டும் ஒரே கணக்குப் புத்தகம்தான், பக்கம் மட்டும்தான் வேற. அந்த புத்தகத்தயே தொறக்காத எடம் நடுவுல வந்த அந்தப் பாட்டு.

1941-ல வந்த டம்போவும் இந்தக் கணக்குலதான் மாட்டிக்கிச்சு. பெரிய காதுக்காக ஊரே சிரிச்ச யானக்குட்டி, அதே காதால பறந்ததும் பேரு பேப்பர்ல வந்து, அம்மாவோட தனி ரயில் பெட்டியில போகும். அதுலயும் மனச அள்ளற எடம் பறக்கற எடம் இல்ல, கம்பிக்குப் பின்னால அடைச்சு வெச்ச அம்மா தும்பிக்கைய மட்டும் வெளிய நீட்டி குட்டிய தாலாட்டற எடம். அப்ப அதுக்குப் பறக்கத் தெரியாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

ஊர விட்டுப் போன மம்பிள் மீன்பிடிக் கப்பல தொரத்திட்டுப் போய் கடைசியில ஒரு கடல்வாழ் காட்சிச்சாலையில கண்ணாடிக்குள்ள முழிக்கறான். வானம் மாதிரி வரைஞ்ச சுவரு, நேரத்துக்கு மீனு, பக்கத்துல நிக்கற பெங்குவினுங்க கண்ணுல உயிரே இல்ல. கண்ணாடிக்கு வெளிய நெஜ மனுஷங்க, அனிமேஷன் இல்ல, நடிகர்கள வெச்சு எடுத்த மனுஷங்க. இவன் அவங்ககிட்ட கெஞ்சறான், எங்க மீன எடுக்காதீங்கன்னு தெளிவா பேசறான், நமக்குப் புரியுது. அப்ப படம் ஒரு வேல பண்ணும் பாருங்க, மனுஷங்க காதுல என்ன விழுதுன்னு காட்டும். குவாக் குவாக். அவ்வளவுதான். இத்தன நேரம் நம்ம மொழி பேசின ஒருத்தன் திடீர்னு ஒரு பறவையா ஆயிடறான். எனக்கு ஒரு நிமிஷம் வயித்த பெசஞ்சுது.

மாசக்கணக்குல கத்திக் கத்தி அவனும் மத்ததுங்க மாதிரி மரத்துப் போயிடறான். அப்ப ஒரு சின்னப் பொண்ணு விரலால கண்ணாடியத் தட்டறா. அந்த சத்தத்துக்கு அவன் கால் தானா பதில் சொல்லுது. கூட்டம் சேருது, கைதட்டறாங்க, அப்புறம் முதுகுல ஒரு ட்ரான்ஸ்மிட்டர கட்டி ஊருக்கு அனுப்பறாங்க, பின்னாலயே ஹெலிகாப்டர். அவன் சொல்லி ஊரே சேந்து மனுஷங்க முன்னால ஆடுது, மனுஷங்க மனசு மாறி மீன்பிடிக்கத் தட போடறாங்க. இந்தப் பகுதிய உலகமே கொண்டாடுது. எனக்கு இதுலதான் ஒரு கசப்பு. பேசினப்ப கேக்காதவன், வித்தை காட்டினதும் கேட்டான். தன் ஊருக்கு மம்பிள் என்னவா இருந்தானோ, மனுஷங்களுக்கு மொத்த பெங்குவின் இனமும் அதுவா ஆயிடுச்சு, ஆடிக் காட்டினாதான் உயிரு.

நெஜத்துல அப்படி நடக்கலங்கறது ஒரு ஆறுதல். 2016-ல அண்டார்டிகாவுக்குப் பக்கத்துல இருக்கற ராஸ் கடல்ல சுமாரா 15.5 லட்சம் சதுர கிலோமீட்டர பாதுகாக்கப்பட்ட பகுதியா அறிவிச்சாங்க, அதுல பெரும்பகுதியில மீன்பிடிக்கவே கூடாது. எம்பரர், அடேலி ரெண்டும் வாழற கடல் அது. இத முடிவு பண்ணது அண்டார்டிகாவச் சுத்தி இருக்கற கடல்வாழ் உயிர்கள பாதுகாக்கற பல நாட்டு அமைப்பு, அதுல எல்லா நாடும் ஒத்துக்கிட்டாதான் எதுவும் நடக்கும், அதனால வருஷக்கணக்குல மீட்டிங் போட்டு, பேப்பர் மேல பேப்பரா எழுதி, ஒவ்வொரு நாடா சம்மதிக்க வெச்சுதான் முடிச்சாங்க. படமா எடுத்தா ஒருத்தரும் பாக்க மாட்டாங்க, அவ்வளவு போரு. ஆனா ஒரு பெங்குவின்கூட அதுக்காக ஆட வேண்டியிருக்கல.

காலப் பத்தி பேசும்போது இன்னொண்ணு. மம்பிள் யாருன்னு கேட்டா எல்லாரும் எலைஜா வுட்னு சொல்லுவாங்க, குரல் அவரோடது. அந்தக் கால் சேவியன் க்ளோவரோடது. காலால தரையத் தட்டித் தாளம் போடற டேப் டான்ஸ்ல அந்தத் தலைமுறையில அவருக்கு இணையா ஆள் சொல்றது கஷ்டம். அவர் உடம்புல சென்சார மாட்டி ஆட விட்டு, அந்த அசைவ எடுத்துத்தான் பெங்குவினுக்கு போட்டாங்க. குரல் மட்டும்தான் மதிப்பான்னு கேக்கற படத்தப் பத்தி பேசும்போது நாமளே குரல் கொடுத்தவர் பேரத்தான் சொல்றோம்.

அடுத்த தலமுற

2011-ல ரெண்டாவது பாகம் வந்துச்சு, சரியா ஓடல. ஆனா அதோட ஆரம்பத்த பாத்துட்டு நான் சத்தமா சிரிச்சுட்டேன், அப்புறம் சிரிப்பு நின்னு போச்சு. மம்பிளோட ஊர்ல இப்ப எல்லாரும் ஆடறாங்க. ஆட்டம்தான் சட்டம். மம்பிளோட பையன் எரிக்குக்கு ஆட வரல. ஊரே பாக்க ஆட முயற்சி பண்ணி அசிங்கப்பட்டு, எல்லாரும் சிரிக்க, ஓடிப்போயிடறான். அதாவது முதல் படத்தோட வெற்றி என்ன ஆச்சுன்னா, பாடாதவனுக்கு எடமில்லாத ஊரு ஆடாதவனுக்கு எடமில்லாத ஊரா மாறிச்சு. மம்பிள் இப்ப அப்பா, மெம்ஃபிஸ் நின்ன அதே எடத்துல நின்னுக்கிட்டு முழிக்கறான்.

ஆட வராட்டி பரவாயில்லடான்னு படம் அங்கயே சொல்லியிருக்கலாம். சொல்லுமா? எரிக் கடைசியில பெரிய ஆபரா பாட்டு ஒண்ண பாடி, கடல் யானைங்க மனச எளக்கி உதவிக்குக் கூட்டிட்டு வந்து, ஊரக் காப்பாத்திடறான். இவனுக்கும் ஒளிஞ்சிருந்த திறம வெளிய வந்துடுச்சு, அந்த சொந்தக்காரர் சொன்ன மாதிரியே. இத என் ஃப்ரெண்டுகிட்ட சொன்னப்ப, "அப்ப மூணாவது பாகத்துல ஆபரா வராதவன் ஊர விட்டு ஓடுவான் பாரு"ன்னான். ஒருவேள மூணாவது பாகம் எடுக்கறதா இருந்தா ஆடவும் வராம, பாடவும் வராம, ஊரக் காப்பாத்தற ஐடியா ஒண்ணும் இல்லாம, கூட்டத்துக்கு நடுவுல நின்னு மீன் தின்னுட்டு இருக்கற ஒரு பெங்குவின வெச்சு எடுங்கப்பா. ஓடாதுன்னு தெரியும், முதல் டிக்கெட் நாங்க ரெண்டு பேரும் எடுத்துடறோம்.